யார் பட்ட கடன்?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஓய்வுபெற்றவர்கள், இரண்டு ஆசிரியர்கள், தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, கல்லூரிப் பிள்ளைகள் சிலர். இனிச் சில மாதங்கள் சமயம் பற்றிப் பேசலாம் என்று முடிவானபோது, தலைப்பு வைக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் 'கடவுள் உண்டா?' என்று வைத்தேன். பதினைந்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் அவரவர் சொன்னதையே அவரவர் இன்னும் உரக்கச் சொன்னோம். அன்றைக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டது, சுண்டலில் உப்பு குறைவு என்பதை மட்டும்தான். அடுத்த மாதம் 'எல்லா மதமும் சொல்வது ஒன்றா?' என்றேன். அது இன்னும் மோசம். எல்லாரும் 'ஆமாம்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மணி பார்த்தார்கள்.

எங்கே பிசகினேன் என்பது சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தைப் புரட்டியபோதுதான் புரிந்தது. சமய விவாதம் நமக்குப் புதிதல்ல. புகாரில் இந்திரவிழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறட்டும் என்கிறான். பகை கொண்டவர்களோடுகூடக் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறான். சண்டை வரும் என்று தெரிந்துதான் மேடை போட்டிருக்கிறார்கள்.

பின்னால் வஞ்சியில், ஆண்துறவி வேடத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன் என்று வரிசை நீள்கிறது. உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள், அவர்களும் சொல்கிறார்கள். பல காலம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்கள் என்பது கேட்கும்போதே தெரிகிறது. உண்மையைச் சொன்னால், படிக்க அலுப்புத் தட்டும் காதை அது.

கடைசியில் பூதவாதி வருகிறான். பூவும் வெல்லமும் பிறவும் கூடினால் மதுவில் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பதே சான்று, அனுமானத்துக்கு இடமில்லை என்பது அவன் கட்சி. மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாயும் தந்தையும் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவன் என்ன பதில் சொன்னான் என்று சாத்தனார் எழுதவில்லை. காதை அதோடு முடிந்துவிடுகிறது.

அதுவரை கேள்விகள் கொள்கையைக் கேட்டன, கொள்கை பதில் சொன்னது. இந்த ஒரு கேள்விதான் ஆளைக் கேட்டது. பூதவாதியின் நூலில் அதற்கு விடை இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவை நினைக்காமல் அவனால் அந்த விடையைத் தேடியிருக்க முடியாது.

மூன்றாம் மாதம் இப்படி வைத்தேன்: 'நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்ட கடன் ஏதாவது உண்டா?'

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வேலி கிடையாது. வைத்தீஸ்வரன் கோயில் உண்டியலில் கை, கால், கண் என்று வெள்ளி உருக்கள் விழுகின்றன. நாகூர் தர்காவிலும் அப்படித் தகடுகள் உண்டு, வேளாங்கண்ணியிலும் உண்டு. மொட்டை மூன்று இடத்திலும் உண்டு. வேண்டிக்கொள்ளும் நேரத்தில் நோய்தான் எதிரே நிற்கும், மதம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

கிறிஸ்தவரான ஆசிரியர் ஒருவர் நியாயாதிபதிகள் ஆகமத்து யெப்தாவைக் கொண்டுவந்தார். போரில் வென்றால் வீட்டு வாசலில் எதிர்வருவதைப் பலியிடுவதாக அவன் நேர்ந்துகொண்டான். வாசலில் வந்தவள் ஒரே மகள். "செய்தது தப்பா, நேர்ந்ததே தப்பா?" என்றார். தையல்கடை அம்மா, நேர்ச்சை விதியை மாற்றாது, கஞ்சனிடமிருந்து கொஞ்சம் வெளியே எடுக்கும், அவ்வளவுதான் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் இருப்பதாகச் சொன்னார். முறித்தால் பரிகாரம் பத்து ஏழைகளுக்குச் சோறு என்றார். வழியில்லாதவர் மூன்று நாள் நோன்பு இருப்பாராம். கல்லூரிப் பெண் ஒருத்தி, பரீட்சைக்கு நூற்றெட்டுச் சுற்று நேர்ந்து முப்பதோடு நிறுத்திவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள்.

அப்போதுதான் பெரியவர் பேசினார். எங்களில் மூத்தவர், சின்ன வயதிலிருந்தே கறுப்புச் சட்டைக்காரர், கடவுள் உண்டா கூட்டத்தில் அதிகம் பேசியவரும் அவரே. ஒன்பது வயதில் அவருக்கு டைபாய்டு வந்திருக்கிறது. பிள்ளை பிழைத்தால் குலதெய்வத்துக்கு முடி கொடுப்பதாக அவர் அம்மா நேர்ந்திருக்கிறார். போகமுடியாமல் வருஷங்கள் தள்ளிப்போய், அப்புறம் மகன் கொள்கைக்காரனாகிவிட, அம்மா கேட்பதையே விட்டுவிட்டாராம். அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது.

"சாமி இல்லேங்கிறதுல எனக்குச் சந்தேகம் கிடையாது. அம்மா இருந்தாங்களே. அந்தக் கடன் யாரோடது?" என்றார்.

நான் வழக்கம்போல் அணிகள் பிரியும் என்று காத்திருந்தேன். பிரிந்தது, வேறு மாதிரி. வெள்ளிதோறும் விரதம் இருக்கும் ஆசிரியை, "வேண்டாம் ஐயா, நம்பாம கொடுக்கிற முடி அந்த அம்மாவுக்கே பிடிக்காது" என்றார். பெரியவரின் நாற்பது வருஷத் தோழர், அவரும் கறுப்புச் சட்டைதான், "போய்ட்டு வாய்யா. சாமிக்கா போறே?" என்றார். இரண்டு பேரும் தங்கள் கட்சியை விட்டு ஒரு அடி வெளியே வந்து நின்றிருந்தார்கள். பெரியவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தலைப்பு வைத்தவன் என்கிற தோரணையெல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "போறதுன்னாலும் கொடுக்க என்ன இருக்கு?" என்றார்.

"தாடி இருக்கே" என்றார் தையல்கடை அம்மா.

பெரியவர் கை தாடிக்குப் போனது.