கார்காலமும் காளானும்



சேலம் நகரின் வடபால், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டியது கொண்டப்பநாயக்கன்பட்டி. ஆவணி, புரட்டாசித் திங்களில் இரவெல்லாம் இடி முழங்கி மழை பெய்து ஓய்ந்தால், மறுநாள் விடியலில் வரப்போரத்திலும் வேலியடியிலும் தலை குனிந்து மண்ணையே நோக்கி நடப்போரைக் காணலாம். இடி இடித்தால் காளான் பூக்கும் என்பது நம் நாட்டுப்புற வழக்கு. அவர்கள் தேடுவது கறையான் புற்றின் மேலும் அதன் அருகிலும் வெண்குடை போல் எழும் புற்றுக்காளானை. கொடைக்கானல் மலையின் பைன் காடுகளிலும் மழைக்காலத்தில் இவ்வாறே காளான் தேடுவோர் உண்டு.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இப்போது ஒரு வினாவை எழுப்புகின்றனர். காளான் புலால் அன்று. திருமண விருந்துகளில் அது சைவ உணவென்றே பரிமாறப்படுகிறது. உழாமலும் விதைக்காமலும் மண் தானே தருவதை நாம் மட்டும் ஏன் விலக்க வேண்டும்? இதற்கு, "நம் வழக்கம் அப்படி" என்று சொல்லி வாயை அடைப்பது பெரியோர்க்கு அழகன்று. வினா நேர்மையானது, விடையும் நேர்மையானதாக இருத்தல் வேண்டும்.

நம் ஆகமங்கள் தாவர உயிர்களைப் பிரத்தியேகம், சாதாரணம் என இரு வகைப்படுத்துகின்றன. ஓருடலுக்கு ஓருயிர் உரியதாய் நிற்பது பிரத்தியேகம். ஓருடலையே அளவிறந்த உயிர்கள் பொதுவாகக் கொண்டு, ஒன்றாய்ப் பிறந்து, ஒன்றாய் உயிர்த்து, ஒன்றாய் மடிவது சாதாரணம். இதனை நிகோதம் என்றும் அனந்தகாயம் என்றும் வழங்குவர். சுவேதாம்பர மரபினர் எண்ணும் 32 அனந்தகாயங்களுள் நிலத்தைப் பிளந்தெழும் காளானும் ஒன்று. கிழங்குகளை விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணமே இதற்கும் உரியது.

இந்நிகோத உயிர்களையே இன்றைய நுண்ணோக்கி காட்டுகிறது என்று பெருமிதத்துடன் எழுதுவோர் சிலர் நம்மிடையே உளர். இது வேண்டாத வாதம் என்பதே நம் கருத்து. நுண்ணோக்கி காட்டுவன காளானின் நுண்ணிழைகளும் வித்துகளுமே. கேவல ஞானத்திற்குப் புலனாவதாகச் சொல்லப்பட்டதைக் கண்ணாடிக்குள் தேடுவதால் ஆகமத்திற்கும் பெருமையில்லை, அறிவியலுக்கும் பயனில்லை. காளானைத் தாவரத்தில் சேர்க்காது தனிப் பேரினமாக வைக்கும் பகுப்பை விட்டேக்கர் என்னும் அறிஞர் 1969இல் வெளியிட்டார். இன்று அறிவியல் உலகம் அவ்வாறே கொள்கிறது. அதனாலும் நம் நெறிக்குக் குறைவில்லை. எப்பெயரிட்டு அழைத்தாலும் அது உயிருடையது என்பதில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இல்லை.

ஆகமச் சான்றை ஏற்கத் தயங்கும் பிள்ளைக்கும் கண்ணால் காட்டத்தக்க செய்தி ஒன்று அப்புற்றுக்குள்ளேயே இருக்கிறது.

புற்றுக்காளான் தனியே வாழ்வதன்று. காளானுக்குப் பச்சையம் இல்லை. கதிரொளி கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. கறையான்கள் உலர்ந்த இலையையும் மரத்துணுக்கையும் உண்டு கொணர்ந்து, புற்றின் உள்ளறைகளில் கடற்பஞ்சு போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அவ்வடையில் இக்காளானின் வெண்ணிழைகள் பரவி, கறையானால் எளிதில் செரிக்க இயலாத மரப்பொருளை மென்மையாக்கித் தருகின்றன. கறையான் அதனை உண்கிறது, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக இவ்வேளாண்மை நடைபெற்று வருவதாக ஆய்வாளர் கணிக்கின்றனர். மனிதன் ஏர் பிடித்துப் பதினாயிரம் ஆண்டுகளே ஆயின! மழை இறங்கி மண் நெகிழ்ந்த வேளையில் அவ்வடையிலிருந்து வேர் போன்ற நீண்ட தண்டு மேல்நோக்கி வளர்ந்து, நிலத்தைத் துளைத்து வெளிவந்து குடை விரிக்கிறது. நாம் பறிப்பது அக்குடை.

அக்குடை கறையானின் ஊரோடு இணைந்தது. தண்டு முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று கடப்பாரையாலும் குச்சியாலும் அகழ்வோர் அவ்வூரையே குலைக்கின்றனர். கறையானை மூவறிவுயிர் என்று நம் ஆகமம் கூறும். சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராகத் தொல்காப்பியர் மரபியலில் வைத்ததும் இதனோடு ஒத்து நிற்கிறது. இனி, பறித்த காளானைத் தலைகீழாகத் திருப்பி அடிப்புறத்து மடல்களை உற்று நோக்குங்கள். மடல்களின் இடுக்கில் சிறு வண்டுகளும், ஈக்களின் புழுக்களும் நெளியக் காணலாம். சமைப்பதற்கு முன் உப்புநீரில் ஊறவைப்பது எதற்காக? அவை வெளியேறி மடிவதற்காக அன்றோ! ஓரறிவுயிரைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இடம்பெயர்ந்து திரியும் திரச உயிர்களை அறிந்தே கொல்வதில்லை என்பது சிராவகன் ஏற்கும் முதல் அணுவிரதம். காளான் சட்டியில் ஏறுமுன்பே அவ்விரதம் குலைந்துவிடுகிறது.

இங்கு ஒரு மறுப்பு எழும். காளானைப் பறிப்பது மாம்பழத்தைப் பறிப்பது போன்றதே. மண்ணுக்குள் இழைகள் வாழ்ந்துகொண்டேதான் இருக்கும் என்று கற்ற பிள்ளை கூறும். அது உண்மையே, மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் மாம்பழத்தைப் பறிக்க மரத்தின் வேரைத் தோண்டுவதில்லை. பழத்தினுள் வண்டு இருந்தால் அப்பழத்தை விலக்கிவிடுகிறோம்.

அதனினும் கடினமான மறுப்பை எழுப்புவோர் நம் உழவர்கள். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் பரம்பரையாக ஏர்த்தொழில் செய்வோர். "கடலைக்காட்டில் கறையானுக்கு மருந்து போடுகிறோம், ஏர் ஓட்டினால் எத்தனை புழு மடிகிறது! அதைச் செய்துவிட்டு ஒரு காளானை விடுவதால் என்ன ஆகிவிடும்?" என்கின்றனர். இதனை எள்ளி ஒதுக்குவது முறையன்று. இல்லறத்தானின் இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பிரித்தனர்: கொல்லும் எண்ணத்தோடு செய்வது, அடுக்களை முதலிய இல்லத்து வினைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. பின்னைய மூன்றையும் முற்றும் விலக்க இல்லறத்தானால் இயலாது, குறைத்துக்கொள்ளவே இயலும். உழவனின் ஏர் தொழில் இம்சை. அது ஊருக்குச் சோறிடுவது. மருந்தையும் தேவைக்கு மிஞ்சித் தெளிப்பாராயின் அதுவும் ஆராயத்தக்கதே. காளான் தேடி விடியலில் புறப்படுவதோ வயிற்றுக்காக அன்று, நாவுக்காக. வீட்டில் பருப்பும் அவரையும் இருக்க, சுவைக்காகப் புற்றை அகழ்வதைத் தொழில் என்று கணக்கெழுத இயலுமா? இம்சைக்கு அடி கவனமின்மையே என்பது உமாஸ்வாமி காட்டிய இலக்கணம். நாவின் பின்னே செல்லும் கால் புற்றைக் கவனிப்பதில்லை.

வயிற்றுக்காகவே தேடுவோரும் உளர். சேர்வராயன் மலைவாழ் மலையாளி மக்களுக்கும் அடிவாரத்துக் கூலி மக்களுக்கும் மழைக்காலத்துக் காளான் ஒருவேளைக் கறியாகும். வறுமைக்கும் காளானுக்கும் உள்ள உறவு பழையது. சமையலை மறந்த தம் அடுப்பில் காளான் பூத்த நிலையைப் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் முறையிட்டார் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. அம்மக்களை நோக்கி, "நீங்கள் பாவம் செய்கிறீர்கள்" என்று கூறும் உரிமை நமக்கு இல்லை. நம் விரதம் நம் தட்டின் மேல் நாம் இட்டுக்கொண்ட எல்லை. பிறர் தட்டை அளக்கும் கோல் அன்று. அவர்பால் நமக்கு உள்ள கடமை ஆகார தானமே.

அபாயமும் அவர்களுக்கே மிகுதி. 2022 ஏப்ரல் மாதத்தில் அசாமில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டனர். பலர் தேயிலைத் தோட்டத்து ஏழைகள். கொடிய காளான் நஞ்சை உண்டபின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை, சிலபோது அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பின்னர் வாந்தியும் பேதியும் தோன்றும். அவை தணிந்து நலம் பெற்றதாக மயங்கும் வேளையில் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். சமைப்பதால் அந்நஞ்சு நீங்காது. வெள்ளி கறுத்தால் நஞ்சு என்பன போன்ற சோதனைகளும் பயனற்றவை. நம் தோட்டங்களில் வேலை செய்வோர்க்கு இதனை எடுத்துரைப்பதும் அபய தானமே. எனினும் நஞ்சுக்கு அஞ்சிக் காளானை விடுவதை அறமெனக் கொள்ளலாகாது. அது தற்காப்பு. நஞ்சற்ற காளானையும் விடுவதே விரதம்.

பைன் காட்டுக் காளானைப் பற்றியும் சிறிது கூறுவோம். அங்கு கறையானின் இடத்தில் மரமே நிற்கிறது. அம்மரத்தின் வேரைக் காளானின் இழைகள் போர்த்து, மண்ணின் நீரையும் சத்தையும் ஈட்டித் தருகின்றன. மரம் தன் இலை சமைத்த சர்க்கரையில் பங்கு தருகிறது. பைன் இயல்பாக வளராத நாடுகள் சிலவற்றில் அதனை நட்டபோது கன்றுகள் வாடின. பைன் காட்டு மண்ணைக் கொணர்ந்து கலந்த பின்னரே தழைத்தன. உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாய் நிற்பதை உயிரின் இயல்பாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் உரைக்கிறது. சுற்றுலா சென்று, பொழுதுபோக்காகக் காளானைப் பிடுங்கி வீசி வரும் நம் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆஷாட முழுமதியை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ நான்கு திங்கள் நம் முனிவர்கள் ஓரிடத்திலேயே தங்குகின்றனர். ஏனைய காலத்தில் நுகத்தடி அளவு நிலத்தை முன்னோக்கிப் பார்த்து அடிவைக்கும் அவர்கள், மழைக்காலத்தில் அவ்வாறு பார்த்து நடந்தாலும் உயிர் நசுங்கும் என்றே பயணத்தை நிறுத்துகின்றனர். அதே நாட்களில்தான் நாம் கூடையுடன் வயலில் இறங்குகிறோம்.

வாழ்நாள் முழுமைக்கும் விடுவதை யமம் என்றும், கால எல்லை வைத்து விடுவதை நியமம் என்றும் சிராவகாசார நூல்கள் கூறும். யமத்திற்கு மனம் இசையாத இளையோர் நியமத்தில் தொடங்கலாம். சாதுர்மாஸ்யத் தொடக்க நாளில் ஆலயம் சென்று, அருகன் திருமுன் நின்று, இந்நான்கு திங்களும் காளானைப் பறியேன், பறிக்கச் சொல்லேன், உண்ணேன் என்று சொல்லிக்கொண்டால் போதும். விருந்துக்குச் செல்லுமிடத்தில் அதனைப் பிறர்க்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. இலையில் வேண்டாம் என்று கை காட்டினால் போதுமானது. எல்லை முடியும் நாளில் அந்நியமத்தை நீட்டிப்பதா விடுப்பதா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யாது, பிள்ளையிடமே விட்டுவிடுவது நலம்.