தண்ணீரின் தூய்மையும் கடைமடையாரின் உரிமையும்

அசுத்தம் கலந்த நீர் எப்போது மீண்டும் தூய்மையாகும்? ஃபிக்ஹு நூல்களில் 'தஹாரத்' பாடத்தைத் திறந்தவுடன் மாணவர் எதிர்கொள்ளும் வினா இது. நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் கொண்டே இமாம்கள் இதனை ஆராய்ந்தனர். 1978-இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் அவை, கழிவுநீரைச் சுத்திகரித்து இம்மூன்றிலும் அசுத்தத்தின் சுவடே இல்லாமற் செய்துவிட்டால் அது தூய நீரே, ஒளுவுக்கும் ஆகும் எனத் தீர்ப்பளித்தது. உடல்நலத்துக்குக் கேடு நேருமாயின் பருகலாகாது என்றும் அந்த அவை கூறியது. தூய்மை வேறு, தீங்கின்மை வேறு என்பது இதனால் விளங்கும்.

இவ்வேறுபாடு இன்று பெரிதும் சிந்திக்கத்தக்கது. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று நீரைத் தெளியவைப்பவை பாக்டீரியாக்களே. வீடுகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் நோய்க்கிருமிகள், நாம் உட்கொண்ட ஆன்டிபயாடிக் மருந்துகளின் எச்சத்தோடு அங்கே ஒன்றுகூடுகின்றன. மருந்துக்கு மசியாத கிருமி, அவ்வாற்றலைத் தரும் மரபணுவை வேற்றினக் கிருமிக்கும் வழங்க வல்லது. பெரும்பாலான கிருமிகள் சுத்திகரிப்பில் நீங்குகின்றன. எஞ்சியவை நீரோடு வெளியேறுகின்றன. அந்நீர் தெளிந்திருக்கும், நாற்றமும் இராது.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்சேருவில், சுமார் 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை சுவீடன் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டனர். சிகிச்சை பெறுவோரின் இரத்தத்தில் காணும் அளவையும் இது விஞ்சியது. நம் காவிரியும் இதற்கு விலக்கன்று. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆற்றின் 22 இடங்களில் இரண்டாண்டுகள் நீரைச் சோதித்து, அதில் சிப்ரோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துப் பொருள்கள் கலந்திருப்பதை 2021-இல் தெரிவித்தனர்.

தஞ்சைத் தரணியில் நீரின் நீதியை யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரர் தம் வயல் நிறைந்தபின் மடையை அடைக்காவிடில் கடைமடைப் பயிர் கருகும். அது அநியாயம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் எவ்வளவு நீரை விட்டோம் என்பதோடு அந்த நீதி நின்றுவிடுமோ? அதில் எதைக் கலந்துவிட்டோம் என்பதற்கும் நாம் பொறுப்பாளிகள் அல்லவா? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அடுத்து அந்நீரை நாடி வருபவரின் உரிமையும் அத்தடையில் அடங்கியிருக்கிறது.

இன்னும் ஒன்று. மருந்தின் ஆற்றலும் ஆற்று நீரைப் போன்ற பொதுச் சொத்தே. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் நாமாகவே கேட்டு வாங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக் மாத்திரையும், உண்மையிலேயே அது தேவைப்படும் நோயாளியின் பங்கிலிருந்து எடுக்கப்படுவதாகும். மருந்துக்கு மசியாத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆலைகளையும் நகராட்சிகளையும் கேள்வி கேட்பது நம் கடமை. அத்துடன், மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கை வாங்காதிருப்பதும், எழுதித் தந்ததைச் சொன்னபடி உட்கொள்வதும், மீந்ததைச் சாக்கடையில் எறியாதிருப்பதும் நம் வீட்டளவில் இயல்பவையே. ஒளு செய்யும் நீரையும் வீணாக்கலாகாது என்று கற்ற நமக்கு, கண்காணாத கடைமடையாரின் நீரைப் பேணுவதும் அமானிதமே ஆகும்.