குடிபெயர்வோர்க்கு ஒரு தம்ம உரை



பொன்முடி மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயம் ஒன்றின் முற்றத்தில், ஒரு பௌர்ணமி இரவு அடியேன் பேசியதையும், அங்கே கண்டதையும் எழுதித் தரும்படி சங்கத்து அன்பர்கள் கேட்டனர். பேசியது சிறிது, கற்றுக்கொண்டது பெரிது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாற்றை அடைந்து, அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் பொன்முடி. கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். அதே மலைத்தொடரில், விதுராவை அடுத்த போணக்காட்டிலிருந்து ஏறும் வழியில் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம். பொதிகை என்று நம்மவர் போற்றும் மலை அது. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர் கூறுவார். ஆகவே அம்மலைப் பக்கம் போவது தமிழ்ப் பௌத்தனுக்குத் தாய்வீட்டுக்குப் போவது போன்றது.

அன்று உபோசத நாள். பஞ்சசீலத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக் குறிப்பும் எழுதிக் கொண்டு போயிருந்தேன். ஆனால் எங்களை அழைத்திருந்த குடும்பத்தின் வாயிலில் கால் வைத்தபோதே அந்தக் குறிப்பு பயன்படாது என்று தெரிந்துவிட்டது. வீடு முழுவதும் சாக்கு, சணற்கயிறு, தகரப் பெட்டி, கவிழ்த்த அண்டா, மடித்த கம்பளி. விடிந்தால் அவர்கள் அந்த லயத்தை விட்டுப் போக வேண்டும்.

காரணம் எளியது. கணவனும் மனைவியும் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டனர். தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. நல்ல சட்டந்தான். ஆயினும் வேலையோடு வந்த வீடு, வேலையோடு போய்விடும். பாட்டனும் தந்தையும் தானுமாக மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்திற்கும், அந்த மண்ணில் ஓரடி நிலம் சொந்தமில்லை. மலையடிவாரத்தில் மகள் வாழும் இரண்டு அறை வீட்டுக்கு அவர்கள் செல்கிறார்கள். விடியற்காலை ஒரு ஜீப்பு வரும். ஒரு நடைதான் போகும். வீட்டுச் சாமானோ மூன்று நடைக்கு இருந்தது.

அந்த அம்மாள் தம் அம்மிக்கல்லின்மேல் அமர்ந்துகொண்டு எழவே மறுத்தார். "அம்மி எதற்கு அத்தை? வீட்டில் மிக்சி இருக்கிறது" என்றார் மருமகன். "என் மாமியார் இந்த மலையேற்றிக் கொண்டுவந்த கல் இது" என்றார் அவர். பெரியவரோ ஒன்றும் பேசாமல், துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தியைத் துணியில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "ஐயா, பற்றை விடு என்று நீங்கள் சொல்லுவீர்கள். அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார்.

சகோதரர்களே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏழையின் பானையைப் பார்த்துப் பற்று என்று பழிப்பது தம்மம் அன்று. மாளிகையில் இருப்பவன் அப்படிச் சொல்வது எளிது. புத்தபிரான் இல்லறத்தாரிடம் அப்படிச் சொல்லவுமில்லை. கோலிய நாட்டு தீகஜாணு என்னும் இல்லறத்தான், "நாங்கள் மனைவி மக்களோடு வாழ்கிறவர்கள், எங்களுக்கு ஏற்ற தம்மத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, பகவன் கூறிய நான்கில் இரண்டாவது, உழைத்துச் சேர்த்ததைக் காத்துக்கொள்ளுதல். வியர்வை சிந்தி அறவழியில் ஈட்டியதைத் தீயும் நீரும் கள்வரும் கொண்டுபோகாதபடி காக்கச் சொன்னார். சிகாலன் என்னும் இளைஞனுக்கோ, வருவாயை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை ஆபத்துக் காலத்துக்கென வைக்கச் சொன்னார். ஆகவே சாமான்களைக் கருத்தோடு கட்டுவதும் தம்மத்திற்கு உட்பட்ட செயலே. இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் முகம் சிறிது தெளிந்தது.

பிறகு எல்லோரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினோம். பொருள்களை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். நம்மோடு வருவது ஒன்று; பிறர்க்குக் கொடுப்பது ஒன்று; இங்கேயே கிடக்க விடுவது ஒன்று. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், அன்றாடம் உண்ணும் மருந்து ஆகியவற்றை ஒரு துணிப்பையில் இட்டு, வண்டியில் ஏற்றாமல் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். கனமானது அடியில், உடையக் கூடியது சேலைக்கும் கம்பளிக்கும் நடுவில். பாத்திரத்தை வெறுமையாக விடாமல் அதற்குள் அரிசியும் பருப்பும் இடலாம். ஒரு பானை, உப்பு, தீப்பெட்டி, விளக்கு ஆகியவற்றைத் தனியே வைத்துக் கடைசியில் ஏற்ற வேண்டும். ஏனெனில் வண்டியில் கடைசியாக ஏறுவதே புதுவீட்டில் முதலாவதாக இறங்கும். இந்தக் கடைசி விதியை மறவாதீர்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

இரவு எட்டு மணிக்கு லயத்தார் முற்றத்தில் கூடினர். நான் சொன்னது இதுதான்:

நம் மக்கள் மூட்டை கட்டுவது புதிதன்று. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று, சந்தைப் பண்டத்தைப் பங்கிடுவதுபோல் மலையகத் தமிழரைப் பங்கிட்டனர். அந்த மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலை அழுகைக் கோச்சி என்று மலையகத்தார் சொல்வர். அங்கிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். நூறாண்டு உழைப்பு சில தகரப் பெட்டிகளுக்குள் அடங்கிற்று. அவர்களில் ஒரு பகுதியினர்க்கு இங்கிருந்து தொலைவில்லாத புனலூர்ப் பக்கத்தில், 1976-இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்டக் கழகத்தின் இரப்பர்க் காடுகளில் பிழைப்பு கிடைத்தது. பெட்டியில் கொண்டுவந்த பொருள் எத்தனை நாள் வந்தது? கைப்பழக்கமும், ஒருவரையொருவர் தாங்கும் குணமுமே அவர்களை மறுபடி நிற்க வைத்தன.

மூட்டை கட்டவும் நேரம் கிடையாதவர்களை நினையுங்கள். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். ஒரு கம்பளியை எடுக்கவும் அவர்களுக்குப் பொழுதில்லை. நமக்கோ இன்று ஓர் இரவு முழுதும் கிடைத்திருக்கிறது. இது சிறிய பேறன்று.

ஒருமுறை நூற்றிருபது வயதான இரண்டு பிராமணர்கள் புத்தபிரானிடம் வந்தனர். "முதுமை முற்றிவிட்டது, நற்செயல் ஒன்றும் செய்து வைக்கவில்லை, அஞ்சுகிறோம்" என்றனர். பகவன் அவர்களுக்கு ஓர் உவமை சொன்னார். வீடு தீப்பற்றி எரியும்போது, எந்தப் பாத்திரத்தை வெளியே எடுத்தோமோ அதுவே பின்னால் உதவும். உள்ளே கிடந்தது சாம்பலாகும். இவ்வுலகம் மூப்பாலும் இறப்பாலும் எரியும் வீடு. கொடுத்ததே வெளியே எடுத்தது. உடலையும் வாக்கையும் மனத்தையும் அடக்கி ஆண்டதே அடைக்கலம்.

எண்ணிப் பாருங்கள். வைத்துக்கொண்டதே நம்முடையது என்று நாம் நினைக்கிறோம்; கொடுத்ததே காப்பாற்றப்பட்டது என்கிறார் ததாகதர். பிக்ஷுவின் உடைமை எட்டே. மூன்று சீவரம், ஒரு பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சு, நீர்வடிகட்டி. அவற்றிலும் நீர்வடிகட்டி ஏன் இருக்கிறது? தண்ணீரில் வாழும் சிற்றுயிர் தன்னால் சாகக்கூடாதென்பதற்காக. எட்டே பொருள் கொண்டவனும் அதில் ஒன்றைப் பிற உயிரின் பொருட்டுச் சுமக்கிறான். நம் மூட்டையில் பிறர் பொருட்டு என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வோம்.

கடைசியாக ஏறுவது முதலில் இறங்கும் என்று மாலையில் சொன்னேன். அதன் பொருளை என் வாழ்விலிருந்தே சொல்ல வேண்டும். அடியேன் பஞ்சாலையில் உழைத்தவன். ஆலை மூடிய பிறகு குடியிருப்பைக் காலி செய்தோம். ஓட்டை வாளியைக்கூட விடாமல் லாரியில் ஏற்றினேன். அடுத்த வீட்டுக்காரர் என்னோடு ஒரே பகுதியில் பல்லாண்டு வேலை பார்த்தவர். தெருக்குழாய்த் தண்ணீர் பற்றி ஒரு சண்டை, இரண்டாண்டு பேச்சில்லை. நான் போகிற அன்று அவர் வாசலில் வந்து நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரியில் ஏறினேன். அன்று நான் கடைசியாக ஏற்றியது அந்தப் பகைதான். புதுவீட்டில் முதலில் இறங்கியதும் அதுவே. அங்கும் அண்டை வீட்டாரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். மூன்று ஆண்டு கழித்து, தம்மத்தைப் படிக்கத் தொடங்கிய பின், மன்னிப்புக் கேட்க அந்த ஊருக்குப் போனேன். அவர் இறந்து ஓராண்டாகியிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று இரண்டொரு தரம் சொன்னார்" என்றார் அவர் மனைவி. ஓட்டை வாளி எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியாது. அந்தச் சொல் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை யாரிடம் இறக்கி வைப்பேன்?

இவ்வளவே பேசினேன். பஞ்சசீலம் ஓதி முடித்தோம். கூட்டம் கலையும் வேளையில் பெரியவர் விளக்கொன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். லயத்தின் கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டாரோடு அவருக்குப் பலா மரக் கிளையொன்றைப் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுப் பகை என்று பின்னர் அறிந்தேன். அங்கே அவர் என்ன பேசினாரென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

அம்மாளோ இன்னொரு காரியம் செய்தார். அடுத்த வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வந்த ஓர் இளங்குடும்பம். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அம்மியில் இரண்டு மிளகாயும் சிறிது தேங்காயும் வைத்து, குழவியை எப்படிப் பிடிப்பதென்று காட்டினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குழவியை வாங்கி, தன் ஊர்ப் பழக்கப்படி அரைத்துக் காட்டினாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது! "இனி இது உன்னுடையது" என்று சைகையால் சொல்லிவிட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்றால் அழுதார். தானம் கொடுப்பவர் கண் கலங்கக்கூடாதென்று எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை.

விடியற்காலை ஜீப்பு வந்தது. ஒரு நடைக்குச் சாமான் அடங்கிற்று. மேல்மூட்டைக்குக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவர் அந்தக் கோடி வீட்டுக்காரர். கவ்வாத்துக் கத்தியைப் பெரியவர் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அன்பர்களே! வாடகை வீட்டிலிருந்தும், ஆலைக் குடியிருப்பிலிருந்தும், லயத்திலிருந்தும் நம்மவர் பெயர்ந்துகொண்டே இருக்கிறார்கள். உழைத்தவனுக்கு ஓய்வுக்காலத்தில் தலைக்குமேல் ஒரு சொந்தக் கூரை வேண்டும் என்று கேட்பது பேராசையன்று, அது நியாயம். அதற்காகச் சங்கமாக நின்று கேட்போம். அதுவரையிலும், அதன் பின்னும், ஒவ்வொருவரும் ஒரு நாள் கட்டாயம் காலி செய்ய வேண்டிய வீடு ஒன்று உண்டு. அது இவ்வுடல். அதற்கு முன்னறிவிப்பு வராது, ஜீப்பும் வராது. ஆகையால் இன்றிரவு உறங்குமுன் மூன்று குவியல் செய்யுங்கள். எதைக் காப்பது, எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று பாருங்கள். விடுவதில் முதலாவது பகையாக இருக்கட்டும். கடைசியாக ஏற்றுவது மைத்திரியாக இருக்கட்டும். போய்ச் சேருமிடத்தில் அதுவே முதலில் இறங்கும்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க!

சாது! சாது! சாது!