கொல்லனைக் கேட்டார்களா?

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு தாய், யுத்தம் என்ற காரியத்தில் யார் யாருக்கு என்ன கடமை என்று பங்கு பிரித்து வைக்கிறாள். தாய்க்கு, தகப்பனுக்கு, அரசனுக்கு, மகனுக்கு என்று ஆளுக்கொரு வேலை. நடுவில் கொல்லனுக்கும் ஒரு பங்கு விழுகிறது; ஆயுதம் செய்து கொடுப்பது. ரொம்ப அழகான பாட்டுத்தான். ஆனால் அந்தக் கொல்லனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற சந்தேகம் எனக்கு வெகு நாளாக உண்டு.

கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? நம் காலத்துக் கொல்லர்கள் சிலர், யாரும் கேட்காமலே, 1976 ஜனவரியில் இங்கிலாந்தில் பதில் சொன்னார்கள்.

லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்பது ஆகாய விமானங்களுக்கு வேண்டிய நுட்பமான கருவிகளைச் செய்த கம்பெனி. 17 தொழிற்சாலைகள், சுமார் 18,000 சிப்பந்திகள். வேலையில் ஏறக்குறையப் பாதி ராணுவத்துக்கு. 1970-களில் அங்கே ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தது. இந்த மாதிரி சமயத்தில் சங்கங்கள் வழக்கமாக என்ன செய்யும்? ஆளைக் குறைக்காதே என்று கோஷம் போடும். இன்னும் நாலு போர் விமானத்துக்கு ஆர்டர் கொடுங்கள் என்று சர்க்காருக்கு மனுப் போடும். தன் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமானால் உலகத்தில் எங்காவது சண்டை இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று தொழிலாளியே பிரார்த்திக்கும் நிலைமை! அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் தேதி வாடகை கொடுக்க வேண்டியவனிடம் போய் அஹிம்சையை உபதேசிப்பது, முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன் பசித்து நிற்பவனுக்கு உபவாச மகிமை சொல்வது போல.

லூகாஸ் தொழிலாளிகள் வேறு வழியில் போனார்கள். 1974-இல் தொழில் மந்திரியாக இருந்த டோனி பென்னைச் சந்தித்தார்கள். நாமே ஒரு மாற்றுத் திட்டம் போட்டால் என்ன என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. முதலில் பெரிய நிபுணர்களுக்கும் ஸ்தாபனங்களுக்கும் கடிதம் எழுதினார்கள். பதில் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகுதான் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனிடமே கேட்டார்கள்: 'உன் கைத்திறமையையும் இந்த யந்திரங்களையும் வைத்து ஜனங்களுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?'

வந்து குவிந்த யோசனைகள் சுமார் 150. சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரம், காற்றாலை, வெளிக்காற்றின் வெப்பத்தையே இழுத்துக் குளிர்கால வீட்டைச் சூடாக்கும் பம்பு, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய பஸ், சின்னப் பெட்ரோல் எஞ்சினும் மின்கலமும் சேர்ந்து இழுக்கிற, புகையும் செலவும் குறைந்த மோட்டார். குண்டு விமானத்துக்குக் கருவி செய்த அதே கைகள்தாம்!

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "1940-இல் ஹிட்லரின் விமானங்கள் லண்டன்மேல் குண்டு போட்டபோதும் இவர்கள் காற்றாலை செய்துகொண்டிருப்பார்களா?" நியாயமான கேள்வி. அப்போது விமானம் செய்தவனை நான் வணங்குவேன். ஆயுதமே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதற்காகச் செய்கிறோம் என்று கேட்கும் உரிமை செய்கிறவனுக்கும் உண்டா என்பதுதான் என் கேள்வி. தொழிற்சாலை பொதுச் சொத்தாகிவிட்டால் அந்த உரிமை தானே வந்துவிடும் என்று நம்முடைய சோஷலிஸ்டுகள் பலர் நம்பினார்கள், நானும் நம்பினேன். சோவியத் யூனியனில் எல்லாம் சர்க்காருடையவைதாம். ஏவுகணை செய்தவனை அங்கே யார் கேட்டார்கள்? 1960-களிலிருந்து பருத்திப் பாசனத்துக்காக ஆறுகளைத் திருப்பிவிட்டு ஆரல் கடலை வற்ற அடித்தார்களே, அந்தக் கரை மீனவனைத்தான் யார் கேட்டார்கள்? கூலி எவ்வளவு என்று சண்டை பிடிப்பதற்குச் சங்கம் உண்டு, சட்டம் உண்டு. வேலை எதற்கு என்று கேட்டால் முதலாளிக்கும் கோபம் வருகிறது, சோஷலிஸ்ட் சர்க்காருக்கும் கோபம் வருகிறது.

லூகாஸ் நிர்வாகம் திட்டத்தை ஏற்கவில்லை. அப்போது ஆண்டது தொழிற்கட்சி சர்க்கார், அதுவும் கட்டாயப்படுத்தவில்லை. பென்னை 1975-லேயே வேறு இலாகாவுக்கு மாற்றியாயிற்று. திட்டத்துக்கு முன்நின்றவர்களில் ஒருவரான மைக் கூலி என்ற எஞ்சினீயருக்கு (தமிழில் எழுதினால் பெயரே இப்படி அமைந்துவிடுகிறது, நான் என்ன செய்ய!) 1981-இல் வேலை போயிற்று. அதே வருஷம் ஸ்வீடனில் 'ரைட் லைவ்லிஹுட்' பரிசு கிடைத்தது. 1997-இல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெப்பப் பம்பு வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு இன்று பிரிட்டிஷ் சர்க்காரே மானியம் தருகிறது.

அந்த 150-இல் என் மனத்தை விட்டுப் போகாதது ஒரு சின்ன வண்டி. முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறந்து, நடக்க முடியாத குழந்தைகள் தாமே ஓட்டிக்கொண்டு போவதற்காகச் செய்தது; 'ஹாப்கார்ட்' என்று பெயர். அதைச் செய்தவருக்கு, தம் கைவேலையை உபயோகிக்கிற குழந்தையைக் கண்ணால் பார்த்ததே பெரிய சந்தோஷமாக இருந்ததாம். விமானக் கருவி செய்து என்றைக்கு அவர் அதைப் பார்த்திருக்கப் போகிறார்? இதையும் கம்பெனியில் தயாரிக்கலாமே என்று கேட்டார்கள். நம் சரக்கு வகைகளோடு சேராது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.