குட்டைக்கு ஈடு குட்டை

இங்கிலாந்தில் ஒரு வயலை மனையாக்க நினைக்கும் நிறுவனம் முதலில் விசாரிப்பவற்றுள் ஒன்று, பக்கத்தில் குட்டை இருக்கிறதா என்பது. இருந்தால் அதில் கொண்டை நியூட் குடியிருக்கலாம். தவளைக்கு உறவு, பல்லியின் உருவம், சாணுக்குக் குறைந்த நீளம். கரிய சொரசொரத்த தோல், ஆரஞ்சு வயிறு. அந்த வயிற்றின் கரும்புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இரா. வசந்தத்தில் ஆணின் முதுகில் ரம்பப் பற்களாய்க் கொண்டை எழும். இதைக் கொல்வதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்.

ஆகவே உரிமம் பெற்றுத்தான் இடம்பெயர்க்க வேண்டும். வயலைச் சுற்றி பிளாஸ்டிக் வேலி போட்டு, அதையொட்டி வாளிகளை வாய்மட்டம் வரை மண்ணில் புதைப்பார்கள். இரவில் நடமாடும் நியூட்கள் வேலியில் முட்டி, அதன் ஓரமாகவே ஊர்ந்து வாளிக்குள் விழும். காலையில் எடுத்துப் போய் வேறு குட்டையருகே விடுவார்கள். கூட்டத்தின் அளவைப் பொறுத்து இது 30, 60, 90 நாள் என நீளும். 2020இல் டட்லி நகரில் பேசிய பிரதமர் போரிஸ் ஜான்சன், நியூட் எண்ணுவதால் வரும் தாமதம் நாட்டின் வளர்ச்சிக்கே பெரும் பாரம் என்றார். வீடில்லாதவன் ஒரு நீர்ப்பிராணிக்காகக் காத்திருப்பதா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்னும் உரக்கக் கேட்கிறது.

கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். ஆனால் தராசின் ஒரு தட்டில் வீட்டையும் மறுதட்டில் நியூட்டையும் வைப்பதே கோணல். பெரும்பாலும் எதிரெதிரே நிற்பவை இந்த வயலும் அடுத்த வயலும். அல்லது இந்த மாதமும் வரும் வசந்தமும். சட்டத்துக்கு இது தெரியும். பொதுநலத் தேவை உண்டா, வேறு வழியே இல்லையா, இனத்தின் நிலை கெடாதா என்று மூன்று கேள்விகள் கேட்கிறது. இரண்டாவதற்குத்தான் பதில் எப்போதும் முணுமுணுப்பாக வருகிறது. மாற்றிடம் தருவதாகச் சொல்லிவிட்டால் வேறு வழி தேடும் கடமை கழிந்தது என்ற நினைப்பு, வாளி சுமப்பவரின் கருணைக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்கிறது.

எதிர்த்தரப்பிலும் ஒரு பொய் உண்டு: இயற்கையை அப்படியே விட்டுவிடு என்பது. செஷயர் வயல்களின் குட்டைகள் பல, நிலத்துக்கு உரமாகச் சுண்ணக் களிமண் தோண்டிய பள்ளங்கள். மற்றவை மாடுகளுக்காக வெட்டியவை. மனிதன் வெட்டியதில் குடியேறிய உயிர் இது. மாடுகள் போய், தூர் வாருவார் இல்லாமல், மரநிழல் மூடினால் புல்டோசர் வராமலே குட்டை செத்துப்போகும். ஆகவே தொடாமல் இருப்பது அறமாகிவிடாது. பராமரிப்பது கடமை, அதற்குச் செலவு உண்டு.

இங்கேதான் உண்மையான சிக்கல். பழைய வாளி முறை ஒவ்வொரு நியூட்டுக்கும் கணக்குச் சொன்னது. ஆனால் வளர்ந்தவை பழகிய குட்டையைத் தேடித் திரும்புபவை. விடும் இடத்தில் ஏற்கெனவே நியூட் இருந்தால் நெரிசல், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்ற சந்தேகம். இப்போது பரவிவரும் மாவட்ட உரிம முறையில் நிறுவனம் பணம் கட்டுகிறது. அதைக் கொண்டு வேறிடங்களில் புதிய குட்டைகள் வெட்டப்படுகின்றன. வயலில் மிஞ்சும் நியூட்கள் மடியக்கூடும். இனத்துக்கு இது நல்லது, அதை மறுக்க முடியாது: மீனில்லாத, அவ்வப்போது வற்றும், நீர்ச்செடி நிறைந்த குட்டைகள்தாம் குஞ்சுகளைப் பிழைக்க வைக்கும், ஒவ்வொரு முட்டையையும் பெண் ஓர் இலையில் மடித்து வைக்க அந்தச் செடியும் வேண்டும். ஆனாலும், மண்ணுக்கடியில் குளிர்காலத் தூக்கத்திலிருக்கும் நியூட்டுக்கு இருபது மைல் அப்பால் வெட்டிய குட்டையால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தச் சாவைச் சாவென்றே ஏட்டில் எழுத வேண்டும். ‘ஈடு செய்யப்பட்டது’ என்று எழுதுவது கணக்குப்பிள்ளை வேலை.

இடம்பெயர்ப்பு பலித்த ஊரும் உண்டு. பீட்டர்பரோவில் செங்கலுக்காகக் களிமண் தோண்டிய பள்ளங்களில் ஹாம்ப்டன் என்ற புதுநகர் எழுந்தபோது, அங்கிருந்த நியூட்கள் பக்கத்திலேயே ஒதுக்கிய காப்பிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. ஐரோப்பாவின் மிகப்பெரிய நியூட் கூட்டங்களில் ஒன்று இன்று அங்கே. அது பலித்ததற்குக் காரணம் வாளிகள் மட்டுமல்ல. அதே மண், நூற்றுக்கணக்கான குட்டைகள், தொடர்ந்து கவனிக்க ஆள்.

எனவே நிபந்தனை கறாராக இருக்கலாம். பழைய குட்டையைத் தூர்க்கும் முன்பே புதியதில் செடி வேரூன்றியிருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் 25 ஆண்டு என்றால் அது நியூட்டின் ஓரிரு ஆயுள்தான். வீடுகளோ நூறாண்டு நிற்கும். மீதிக் காலத்தின் தூர்வாரும் செலவையும் மனையின் விலையிலேயே இன்று சேர்த்துவிட்டுப் பார்க்கட்டும். அப்போதும் இலாபம் நின்றால் கட்டலாம். நிற்காவிட்டால், முன்பு முணுமுணுத்துக் கடந்த அடுத்த வயலைப் போய்ப் பார்க்கலாம்.