ரைக்கன்பாக் அருவியும் கொலையின் நியாயமும்

சட்டத்தின் கை எட்டாத உயரத்தில் தீயவன் ஒருவன் அமர்ந்திருக்கும்போது, அவனுடைய செயல்களையெல்லாம் நன்கறிந்த தனிமனிதன் ஒருவன், நீதிபதியின் ஆசனத்தையும் தண்டனையை நிறைவேற்றுபவனின் பணியையும் தானே ஏற்றுக்கொள்ளலாமா என்பது மிகப் பழைய வினா. 2011-ஆம் ஆண்டில் கை ரிச்சியின் இயக்கத்தில் வெளிவந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்: எ கேம் ஆஃப் ஷேடோஸ்' என்னும் திரைப்படம், வெடிச் சத்தங்களுக்கும் துரத்தல்களுக்கும் நடுவே இவ்வினாவை எழுப்பி, மிக விரைவாக ஒரு விடையையும் அளித்துவிடுகிறது. 2009-இல் வந்த முதற்படத்தின் தொடர்ச்சியாகிய இதைச் சண்டைக் காட்சிகளுக்காகவே பார்த்தவர் பலர். ஆயினும் இறுதியில் நிகழும் ஒரு மரணம் நிதானமாக விசாரிக்கத்தக்கது.

கதை நிகழும் ஆண்டு 1891. கணித மேதையாகவும் ராஜதந்திரிகளின் நண்பராகவும் போற்றப்படும் பேராசிரியர் மோரியார்ட்டி, பருத்தி, அபினி, எஃகு, பீரங்கி முதலிய தொழில்களை ரகசியமாகத் தம் வசமாக்கிக்கொண்டு, ஐரோப்பிய வல்லரசுகளிடையே யுத்தம் மூளும்படி குண்டுவெடிப்புகளையும் கொலைகளையும் ஏவுகிறார். சிப்பாயின் மார்பைத் துளைக்கும் தோட்டாவும், அந்தக் காயத்தைக் கட்டும் துணியும் தம் கிடங்கிலிருந்தே போக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இதை வெறும் கற்பனைப் பூதம் என்று தள்ளிவிட முடியாது. அந்த யுகத்தில்தான் பாசில் சகாரோஃப் என்னும் ஆயுத வியாபாரி, நார்டன்ஃபெல்ட் கம்பெனியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கிரீஸுக்கு விற்று, அதனால் எழுந்த அச்சத்தையே மூலதனமாக்கி அதன் பகைநாடான துருக்கிக்கு இரண்டு விற்றார்; பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த விருதுகளும் அவரை வந்தடைந்தன. இத்தகையோரை எந்த நீதிமன்றத்தில், எந்தக் குற்றப் பிரிவின் கீழ் நிறுத்துவது என்று யோசிக்கும்போது, ஹோம்ஸின் பொறுமையின்மை நமக்கும் புரியத்தான் செய்கிறது.

இனி அந்த இறுதிக் காட்சிக்கு வருவோம். ஸ்விட்சர்லாந்தில் ரைக்கன்பாக் அருவியின்மேல் அமைந்த மாளிகையில் சமாதான மாநாடு நடக்கிறது. வெளியே குளிர்ந்த மாடத்தில் ஹோம்ஸும் மோரியார்ட்டியும் சதுரங்கம் ஆடுகிறார்கள். மாநாட்டைக் குலைக்க அனுப்பப்பட்ட கொலையாளி உள்ளே அகப்பட்டுவிட்டான். மோரியார்ட்டியின் கணக்குகள் அடங்கிய சிறு குறிப்பேடு ஏற்கெனவே களவாடப்பட்டு, அதன் சங்கேதம் உடைக்கப்பட்டு, அவருடைய செல்வம் லண்டனில் பறிமுதலாகிக்கொண்டிருக்கிறது. தோற்றவர் அப்போது ஒன்று கூறுகிறார்: ஹோம்ஸை முடித்த பின் அவருடைய நண்பர் டாக்டர் வாட்ஸனின் பக்கம் திரும்புவேன் என்று. முன்பு ஜெர்மனியின் ஆயுதத் தொழிற்சாலையில் கொக்கி ஏறிய தோளோடு நிற்கும் ஹோம்ஸ், வரப்போகும் சண்டையின் ஒவ்வோர் அடியையும் மனத்திலேயே நடத்திப் பார்த்து, வெல்ல வழியில்லை என்று முடிவு செய்து, புகைக்குழாயின் நெருப்புத் துகளை எதிரியின் கண்ணில் ஊதி, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே பள்ளத்தில் விழுகிறார். கதவைத் திறந்து வரும் வாட்ஸனின் கண்முன்னேயே இது நடக்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகாயுத்தத்தைத் தடுக்கவே இந்தக் கொலை என்று படம் பார்ப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் சம்பவங்களின் வரிசையை நோக்கினால், அந்தக் கணத்தில் மோரியார்ட்டியின் சதி முறிந்துவிட்டது, பணம் போய்விட்டது. எஞ்சியிருந்தது நண்பனின் உயிருக்கு வந்த அச்சுறுத்தல் ஒன்றே. உலகத்தின் பெயரால் செய்யப்பட்டதாகத் தோன்றும் செயல், உண்மையில் சிநேகத்தின் பொருட்டுச் செய்யப்பட்டது. சிநேகம் இழிந்த காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் கோடி உயிர்களைக் காட்டிக் கேட்கும் அனுமதியை ஓர் உயிருக்காகப் பயன்படுத்துவது நியாயக் கணக்கில் பெரிய பிழையாகும். மேலும், யுத்தம் தானாகவே வரும், தாம் காத்திருந்தாலே போதும் என்று மோரியார்ட்டியே சொல்லிவிடுகிறார். 1914 அவர் சொன்னதை மெய்யாக்கியது. அதை மூட்டுவதற்கு ஒரு மோரியார்ட்டி தேவைப்படவில்லை.

அக்காலத்து ஆங்கிலச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன கருதியது என்பதற்கு, கதைக்கு ஏழு ஆண்டுகள் முன்னர், 1884-இல் தீர்க்கப்பட்ட வழக்கு ஒன்று நல்ல சாட்சி. 'மிக்னோனெட்' என்னும் சிறு கப்பல் மூழ்கி, நான்கு பேர் ஒரு படகில் உணவும் நீருமின்றி மிதந்தார்கள். டட்லி என்ற தலைவன், உடனிருந்த ஸ்டீஃபன்ஸ் என்பவனின் சம்மதத்தோடு, நோயில் கிடந்த பதினேழு வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்றான். மற்றவர்கள் அவனுடலை உண்டு பிழைத்தார்கள். அவசியம் என்பது கொலைக்குச் சமாதானம் ஆகுமா என்ற கேள்விக்கு, ஆகாது என்றார் பிரதம நீதிபதி கோல்ரிட்ஜ். எந்த உயிர் போகலாம் என்பதை அளப்பவர் யார், அந்த அவசியத்தைத் தீர்மானிப்பவர் யார் என்று அவர் வினவினார். தன் உயிரைக் காப்பது மட்டுமல்ல, அதைத் துறப்பதும் சில வேளைகளில் கடமையாகலாம் என்றும் நினைவூட்டினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. பார்க்கர் நிரபராதி, மோரியார்ட்டியோ கொலைபாதகர். இந்த வேற்றுமை பெரிது. எனினும் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி இரண்டிடத்திலும் ஒன்றே. ஹோம்ஸ் தன் மனக்கண்ணில் கண்ட காட்சியையே படம் பிரமாணமாக ஏற்கச் சொல்கிறது. அதே காட்சியை எதிரியும் தன் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறான். அத்தகைய ஞானதிருஷ்டி பெற்றவர் எவரும் நம்மிடையே இல்லை. ஆனால் பெற்றிருப்பதாக நம்புகிறவர்கள் எக்காலத்தும் இருந்திருக்கிறார்கள்.

ஹோம்ஸின் பக்கம் ஒரு வாதம் உண்டு, அது வலிமையானது: அவர் பிறர் உயிரை மட்டும் எடுக்கவில்லை, தம் உயிரையும் கூடவே கொடுத்தார். தன் உயிர் போவதாயினும் பிறிதோர் உயிரை நீக்கலாகாது என்று கொல்லாமையில் வகுத்த வள்ளுவர், கொடியோரை ஒறுக்கும் உரிமையைச் செங்கோன்மையில் வேந்தனிடமே ஒப்படைத்தார். தனி மனிதனுக்கு அதை வழங்கவில்லை. ஆதலால் உயிர்த்தியாகம் ஹோம்ஸின் செயலை அறமாக்கிவிடாது. ஆனால் கொன்றவன் தன் செயலால் எந்த லாபமும் அடையவில்லை என்பது அதன் நிறத்தை நிச்சயமாக மாற்றுகிறது. டட்லி வாழ்வதற்காகக் கொன்றான். ஹோம்ஸ் சாகத் துணிந்து கொன்றார். இந்த ஒரு சலுகையை அவருக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

கொடுத்த சலுகையைப் படமே பறித்துவிடுகிறது. அண்ணன் மைக்ராஃப்டிடமிருந்த சுவாசக் கருவியின் உதவியால் ஹோம்ஸ் பிழைத்துக்கொள்கிறார். மூலக்கதையை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் இவ்விஷயத்தில் எத்துணை எச்சரிக்கையாக இருந்தார் என்பது வியப்புக்குரியது. 1893-இல் வெளியான கதையில் ஹோம்ஸ், குற்றக் கூட்டத்தைப் போலீஸாரிடம் ஒப்படைக்கும்படி சாட்சியங்களை அடுக்கி வைத்துவிட்டே ஐரோப்பியக் கண்டத்துக்குப் பயணப்படுகிறார். வலையிலிருந்து தப்பிய மோரியார்ட்டி அவரைத் தேடி அருவிக்கு வருகிறார். 1903-இல் ஹோம்ஸை மீண்டும் உயிரோடு கொண்டுவந்தபோது, தம்மேல் பாய்ந்தவர் மோரியார்ட்டியே என்றும், மல்யுத்த வித்தையால் தாம் நழுவியதும் அவர் விழுந்தார் என்றும் ஹோம்ஸின் வாயாலேயே சொல்ல வைத்தார். அது தற்காப்பு, எந்த நீதிமன்றமும் மன்னிக்கும். திரைப்படத்தில் முதலில் நீண்ட கை ஹோம்ஸுடையது.

அந்தப் பழைய கதையில் ஹோம்ஸ், மூன்றாண்டு துக்கத்தில் ஆழ்த்திய நண்பனிடம் மன்னிப்பும் கேட்கிறார். படத்திலோ வாட்ஸன் தட்டச்சு செய்து வைத்த 'முற்றும்' என்ற சொல்லின் பின் ஒரு வினாக்குறியைச் சேர்த்துவிட்டு நிற்கிறார், பார்ப்பவர் சிரிக்கிறார்கள். உயிரோடு திரும்பியவர், மாடத்தில் நடந்ததை ஒரு மாஜிஸ்திரேட்டின் முன் சொல்லியிருக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கு எழுவதில்லை. டட்லியும் ஸ்டீஃபன்ஸும் ஃபால்மத்தில் கரையேறியதும் சுங்க அலுவலகத்துக்குப் போய், படகில் நடந்ததை ஒளிக்காமல் தாமே எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு தொடங்கியதே அந்த வாக்குமூலத்தால்தான்.