சிறிய ஊருக்கும் கடமை உண்டா?

உலகத்தின் காலநிலை கெட்டுவிட்டது என்று கேள்விப்படும்போது நம்மவர் பலர் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. "கெடுத்தவர்கள் பெரிய நாட்டவர்கள், உக்குவளையில் இருக்கும் நாம் என்ன செய்துவிட முடியும்?" என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. உலகம் வெளியிடும் கரிப்புகையில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதில் ஒரு சிற்றூரின் பங்கைக் கணக்கிட்டால் ஒன்றுமேயில்லை எனலாம். அப்படியானால் நமக்குக் கடமையும் ஒன்றுமில்லையா? வாசகர்களே, சற்று நிதானமாக ஆராய்வோம்.

உக்குவளை மக்களுக்கு இதன் விடை வாசலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கண்டிக்கு அண்மையில் பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வருகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் சேர்ந்து, மாத்தளையைக் கடந்து, போவத்தென்னை நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பகுதி கலாவாவிக்குப் போகிறது. மறுபகுதி அம்பன் கங்கை வழியே பொலன்னறுவைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது.

இதன் பொருள் என்ன? கண்டி நகரத்தார் ஆற்றில் விடும் அழுக்கு நம்மிடம் வருகிறது. நாம் விடுவது, நம்மை ஒருநாளும் கண்டிராத ஓர் உழவனின் வாய்க்காலுக்குப் போகிறது. நம் பங்கு சிறியது என்று சொல்லி அவன் தண்ணீரில் நாம் குப்பை கொட்டலாமா? மேலே இருப்பவனிடம் நாம் நீதி கேட்கிறோம். கீழே இருப்பவனும் அதே நீதியை நம்மிடம் கேட்கிறான். அயலான் என்பவன் வேலிக்கு அப்பால் இருப்பவன் மட்டும் அல்லன். நம் செயலின் விளைவு எவனைச் சென்றடைகிறதோ அவன் அயலான். நமக்குப்பின் பிறக்க இருக்கும் பிள்ளைகளும் அயலாரே.

சிறிய ஊரால் ஒன்றும் ஆகாது என்பதும் உண்மையன்று. நமக்கு அயலிலுள்ள மாத்தளை நகரில், 2007ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் ஆணைக்குழுவும் 'செவனத' நிறுவனமும் மாநகர சபையுடன் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கின. வங்காளதேசத்தின் டாக்கா நகரில் கண்டறியப்பட்ட முறையைப் பின்பற்றி, வீட்டுக் குப்பையைச் சேதனப் பசளையாக்கும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. நம் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. அதைக் காற்றுப் புகாதபடி மலையாய்க் குவித்தால் மீதேன் வாயு எழுகிறது. காபனீரொட்சைட்டைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. காற்றோட்டமாக உக்கவிட்டாலோ மண்ணுக்கு உணவாகிறது.

குவித்தே வைத்தால் என்ன நடக்கும் என்பதை நாடு கண்டிருக்கிறது. 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒன்றாய் வந்த நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குப்பையைப் போட்டவர்கள் நகரம் முழுவதும் இருந்தார்கள். செத்தவர்களோ அதன் அடிவாரத்தில் குடியிருந்த ஏழைகள்.

காலநிலையின் கதையும் இதுவே. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோது மாத்தளை உட்பட மலைநாடெங்கும் மண் சரிந்தது. நாட்டில் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சூடேறிய கடலும் காற்றும் மழையின் வேகத்தைக் கூட்டுகின்றன என்பது விஞ்ஞானிகளின் முடிவு. மோட்டார் வண்டியும் குளிர்சாதனமும் கண்டறியாத தோட்டத்து லயத்தில் வாழ்பவன் இந்தச் சூட்டுக்கு என்ன செய்தான்? ஆனால் சரிவின் ஓரத்தில் இருப்பது அவன் வீடே.

ஆகவே, ஊருக்கு ஒரு திட்டம் வகுக்கப்படும்போது அது நல்ல திட்டமா என்று அறிய ஓர் உரைகல் உண்டு. பாதுகாப்பு யாரிடமிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். கடைவீதியில் மரம் நட்டு, குப்பையை லயத்தின் பின்புறம் கொட்டுவது திட்டமாகாது. சரியும் நிலத்திலுள்ள குடும்பத்துக்கு மாற்று இடம், வடிகால், மேட்டு நிலத்தில் மரம், ஆற்றங்கரைக்குக் காவல் ஆகியவை முதலில் வரவேண்டும். பெரிய நாடுகளிடம் நட்டஈடு கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம்மிலும் எளியவனை நாமே மறந்துவிட்டு, பெரியவர்கள் நம்மை மறந்தார்கள் என்று முறையிடுவது எப்படி?

பிரதேச சபை திட்டம் கூட்டும்போது போய் அமருங்கள். லயத்து மக்களையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் இரண்டு வாளி வையுங்கள், உக்குவதற்கு ஒன்று, உக்காததற்கு ஒன்று. வீட்டில் பிரிக்காத குப்பையை எந்த நிலையமும் நல்ல பசளையாக்க முடியாது. பெரிய நாடுகள் தங்கள் கடனைச் செலுத்தும்வரை நம் வாளி காத்திருக்க வேண்டியதில்லை.